தழைச்சத்துக் குறைவும் நெற்பயிரின் பிறவிக் குணமும்

பொன்மலைக்கு அண்மையில் உய்யக்கொண்டான் வாய்க்காலாலும், வடபால் ஸ்ரீரங்கம் தீவில் காவிரி நீராலும் பாசனம் பெறும் நன்செய்களில், நட்ட மூன்றாம் வாரத்தில் பயிர் வெளுக்கக் கண்டவுடன் யூரியாவை அள்ளி இறைப்பது வழக்கமாகிவிட்டது. வெளுப்பெல்லாம் தழைச்சத்துக் குறைவன்று. குறைவேயாயினும் எல்லா ரகங்களும் ஒரேவிதமாக உரத்தை ஏற்பனவுமல்ல.

தழைச்சத்துக் குறையுங்கால் பயிர் வாளாவிருப்பதில்லை. வேரில் அச்சத்தை உறிஞ்சும் புரதங்களை ஆக்கும் மரபணுக்கள் சில விழித்தெழுகின்றன, வேரும் நீளுகின்றது. வேறு சில மரபணுக்களின் ஏவலால் முதிர்ந்த இலைகளிலுள்ள பச்சையமும் புரதமும் சிதைந்து, குளூட்டமின் முதலிய பொருள்களாகி இளந்தளிர்களுக்குச் செல்லுகின்றன. வீட்டில் தானியம் குறைந்தவிடத்துப் பெரியோர் தம் பங்கைப் பிள்ளைகளுக்கு விடுவதை இஃதொக்கும். ஆதலின் வெளுப்பு அடியிலையின் நுனியில் தொடங்குகின்றது; கணுமொட்டுகள் உறங்கிவிடத் தூர் கட்டுவதும் தடைப்படுகின்றது. இளந்தளிர் முதலில் வெளுக்குமாயின் கந்தகமோ இரும்புச்சத்தோ குறைந்ததென ஐயுறல் வேண்டும். இலையில் துருநிறப் புள்ளிகள் தோன்றுவது துத்தநாகக் குறைவின் அடையாளம். களர் நிலங்களில் இது மிகுதி. இவற்றிற்கு யூரியா இடுவது வீண்செலவே.

ரக வேற்றுமையும் பிறவியைச் சார்ந்தது. கோயமுத்தூரில் 1921-இல் கோனாமணி நெல்லினின்று கண்டெடுக்கப்பட்ட ஜி.இ.பி. 24 அரிசிக்குப் பெயர் பெற்றது. உயர்ந்து வளரும் நம் பழைய ரகங்களுக்கு உரத்தை மிகுத்தால் அவை சாய்ந்துவிடும். ஜப்பானிய நெல்லோ உரத்தைத் தாங்கும். ஆகவே 1950-களில் கட்டாக்கில் இருவகை நெல்லையும் ஒட்டுச் சேர்க்கும் வேலை தொடங்கிற்று. நோரின் 10-ஐயும் ஜி.இ.பி. 24-ஐயும் சேர்த்ததனால் 1960-களில் ஆடுதுறை 27 கிடைத்தது. அதே முயற்சியில் மலாயாவில் தோன்றிய மசூரியின் வழிவந்ததே 1986-இல் வெளியிடப்பட்ட வெள்ளைப் பொன்னி.

1966-இல் வந்த ஐ.ஆர். 8 முதலிய குட்டை ரகங்கள் சாய்வதில்லை. ஆனால் குட்டைத்தன்மையைத் தரும் மரபணுவே மண்ணினின்று தழைச்சத்தை உறிஞ்சும் திறனைக் குறைக்கின்றதென 2018-இல் தெளிவாயிற்று. குட்டை நெல் உரத்தை மிகுதியாக வேண்டுவதன் காரணங்களுள் இஃதொன்று.

வெள்ளைப் பொன்னியின் சுபாவம் வேறு. உரம் மிகுந்தால் குலைநோய் பற்றும், கதிர் பிடித்தபின் சாயும், அறுவடைக் கூலியும் ஏறும். ஆதலின் கண்மதிப்பை நம்பாது இலை வண்ண அட்டையைக் கைக்கொள்ளுதல் நலம். நட்ட பதினான்காம் நாள் முதல் பூக்குந்தறுவாய் வரை வாரமொருமுறை, காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையே, பத்துப் பயிர்களில் முற்றும் விரிந்த இளைய இலையின் நடுப்பாகத்தை உடல் நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிடுக. ஆறு இலைகளேனும் வரம்புக்குக் கீழிருந்தாலன்றி மேலுரம் வேண்டுவதில்லை. வரம்பு, வெள்ளைப் பொன்னிக்கு 3. பெரும்பாலான மற்ற ரகங்களுக்கு 4.