எக்ஸ்ரே எட்டாத கொடைக்கானல் மலை, எக்ஸ்ரே ஆய்வுக்கு எப்படி உதவுகிறது?

சூரியனிலிருந்து வரும் எக்ஸ்ரே கொடைக்கானலை எட்டுவதே இல்லை. சூரிய ஆய்வகம் சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், அதற்கு மேலே உள்ள வளிமண்டலம் எக்ஸ்ரேயை முழுக்க உறிஞ்சிவிடுகிறது. ஆனாலும், சூரிய எக்ஸ்ரேயை ஆராய்கிறவர்களுக்கு உதவும் ஒரு நூற்றாண்டுப் பதிவேடு இந்த மலையில்தான் இருக்கிறது. இப்போது அதை இணையத்திலும் பார்க்கலாம்.

சூரிய எக்ஸ்ரேயால் நமக்கு என்ன?

சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தால் எக்ஸ்ரே எட்டே நிமிடத்தில் பூமியின் மேல் வளிமண்டலத்தைத் தாக்கும். விமானங்களும் கப்பல்களும் பயன்படுத்தும் சிற்றலை ரேடியோ அப்போது செயலிழக்கலாம். பின்னால் வரும் காந்தப் புயல், செயற்கைக்கோள்களையும் ஜிபிஎஸ்ஸையும் பாதிக்கும். 2024 மே மாதம் சூரியன் அடுத்தடுத்து வெடித்தபோது, லடாக்கின் ஹான்லேயில் இரவு வானம் சிவந்து தெரிந்தது.

வெடிப்புக்குள் என்ன இருக்குனு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று குறிப்பிட்ட ஆற்றலில் எக்ஸ்ரேயை வெளியிடும். அது கைரேகை மாதிரி. சாதாரண இரும்பின் முக்கிய ரேகை சுமார் 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கும். அதே இரும்பு, கோடி டிகிரிக்கு மேலான வெப்பத்தில் இரண்டே எலக்ட்ரான்கள் மிஞ்சி நின்றால், ரேகை சுமார் 6.7-க்கு நகர்ந்துவிடும். அந்த 0.3 வித்தியாசத்தில்தான் சூரிய வெடிப்பின் வெப்பநிலை ஒளிந்திருக்கிறது.

ஆனால், கைரேகை மட்டும் கையில் இருந்தால் போதுமா? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பதிவேடு வேண்டாமா? அதற்குத்தான் அமெரிக்காவின் 'நிஸ்ட்' நிறுவனம் எக்ஸ்ரே ரேகைகளின் அட்டவணையை இணையத்தில் வைத்திருக்கிறது. சூரியனில் உள்ளதுபோன்ற கொதிக்கும் வாயுக்களுக்கு 'கியான்டி' என்ற தரவுத்தளம் இருக்கிறது. இரண்டுமே இலவசம்.

கொடைக்கானல் எங்கே வருகிறது?

ரேகை அட்டவணை, 'இது என்ன?' என்பதற்குப் பதில் சொல்லும். 'சூரியன் இதற்கு முன் எப்படி இருந்தது?' என்று கேட்டால்தான் சிக்கல். 1940-களின் இறுதியில் ராக்கெட்டுகள் போன பிறகுதான் சூரிய எக்ஸ்ரே கண்டறியப்பட்டது. அமெரிக்காவின் 'கோஸ்' செயற்கைக்கோள்கள் அதை அளக்கத் தொடங்கியது 1970-களில். அதற்கு முந்தைய காலத்துக்கு எங்கே போவது?

இங்கேதான் கொடைக்கானல் கைகொடுக்கிறது. 1899-ல் தொடங்கிய இந்த ஆய்வகம், 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறது. 1909-ல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்ததும் இங்கேதான். நிறமாலை ரேகைகள் லேசாக இடம் மாறியதை வைத்தே அவர் அதைச் சொன்னார்.

கால்சியம் வெளியிடும் ஊதா ஒளியில் எடுத்த படங்கள்தான் நமக்கு முக்கியம். சூரியனின் காந்தப்புலம் வலுவாக உள்ள இடங்கள் அவற்றில் பளிச்சென்று தெரியும். எக்ஸ்ரே அதிகம் கிளம்புவதும் பெரும்பாலும் அந்தப் பகுதிகளுக்கு மேலேதான். அதனால், எக்ஸ்ரே கருவியே இல்லாத காலத்தில் சூரியன் எவ்வளவு துடிப்பாக இருந்தது என்பதை இந்தக் கண்ணாடித் தகடுகளை வைத்து மதிப்பிடலாம்.

ஸ்கேன் செய்தால் போதுமா?

போதாது. தகடுகள் காலப்போக்கில் மங்கும். ஒரு நாள் வெளிச்சம் அதிகம் விழுந்திருக்கும், இன்னொரு நாள் மேகம் குறுக்கே வந்திருக்கும். படமெடுத்த நேரத்தைத் தவறாகக் குறித்திருந்தால், படத்தில் வடக்கு எது என்பதே மாறிப்போகும். பெங்களூருவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் தகடுகளை உயர்தரத்தில் டிஜிட்டலாக்கி, இத்தகைய பிழைகளைத் திருத்தியிருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான படங்கள் இப்படிச் சேமிக்கப்பட்டுள்ளன.

இன்றைய எக்ஸ்ரே தரவு எங்கே?

2023 செப்டம்பர் 2-ல் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1, பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைப் பார்க்கிறது. அதிலுள்ள 'சோலெக்ஸ்', 'ஹீலியோஸ்' என்ற இரண்டு கருவிகளும் எக்ஸ்ரே நிறமாலையைப் பதிவு செய்கின்றன. அந்தத் தரவை இஸ்ரோவின் 'பிரதான்' தளத்தில் பதிவு செய்துகொண்டு யாரும் இறக்கலாம்.

ஆக, ஆதித்யாவின் அளவீடு, ரேகை அட்டவணை, கொடைக்கானலின் பழைய படங்கள் மூன்றும் இன்று ஒரே லேப்டாப்பில் கிடைக்கும். திண்டுக்கல்லிலோ தேனியிலோ ஒரு கல்லூரியில் இயற்பியல் படிக்கிறவருக்கு, ஆய்வைத் தொடங்க டெலஸ்கோப் வேண்டியதில்லை. நல்ல கேள்வி ஒன்று இருந்தால் போதும். நூறு வருஷத்துக்கு முன்னால், வெயில் அடித்த நாளெல்லாம் மலை மேலே நின்று படமெடுத்தவர்களின் உழைப்பு அவருக்காகக் காத்திருக்கிறது.