டிம் அடித்த காலமும் கண் கூசும் காலமும்

அப்பாவின் அம்பாசிடரில் டிம் சுவிட்ச் தரையில் இருந்தது. கிளட்சுக்கு இடப்பக்கம் ஓர் இரும்புக் குமிழ். இடது காலால் ஒரு மிதி மிதித்தால் பிரைட், இன்னொரு மிதி மிதித்தால் டிம். எண்பதுகளில் சென்னையிலிருந்து திருச்சிக்கு இரவில் போகும்போது, முன்சீட்டில் பாதித் தூக்கத்தில் இருக்கும் எனக்கு அந்த ‘டக்’ சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எதிரே லாரி வருகிறது என்று அர்த்தம்.

அப்போது அந்தச் சாலைக்குத் தேசிய நெடுஞ்சாலை 45 என்று பெயர். போக ஒரு வழி, வர ஒரு வழி. நடுவில் தடுப்பு கிடையாது. இருபுறமும் புளியமரங்கள், அடிமரத்தில் சுண்ணாம்புப் பட்டை. வண்டிகளின் வெளிச்சம் அவ்வளவு குறைவாக இருந்ததால் மரத்துக்கு வெள்ளையடித்து வழி காட்டினார்கள். சாதாரண இழை பல்பு, பிரைட்டில் 45 வாட், டிம்மில் 40. மின்சாரம் தருவது டைனமோ. ரயில்வே கேட்டில் வண்டி நின்றால் ஹெட்லைட் எண்ணெய் தீர்ந்த அகல்போலச் சுருங்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் திரும்ப மலரும். இந்தப் பல்பில் இன்னொரு தொல்லை உண்டு. எரிய எரிய இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் கண்ணாடியின் உட்புறத்தில் கரியாகப் படிந்து, நாளுக்கு நாள் வெளிச்சத்தைக் குறைக்கும்.

அவ்வளவு மங்கல் விளக்கும் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறது என்று அன்றைக்குக் கவலைப்பட்டிருக்கிறார்கள். ஹெட்லைட் கண்ணாடியின் மேல்பாதியில் கறுப்புப் பெயின்ட் பூசிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். பிறகு அது நடுவில் ஒரு கறுப்புப் பொட்டாயிற்று. போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்தி அந்தப் பொட்டை ஒட்டி அனுப்புவார்கள். ஒளியின் திசையைப் பொட்டால் திருத்த முடியாது, மொத்த வெளிச்சத்தைத்தான் குறைக்கும். ஆனாலும் அதன் பின்னால் இருந்த எண்ணத்தை மதிக்கிறேன். எதிரே வருபவரும் ஊர் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் அது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதையொட்டி ஹாலஜன் பல்பும் வீட்டுக் கார்களில் பரவலாயிற்று. ஹெச்4 என்ற வகை, 60/55 வாட். ஆவியாகும் டங்ஸ்டனை ஹாலஜன் வாயு பிடித்து மறுபடி இழையிலேயே சேர்த்துவிடுவதால் கண்ணாடி கறுப்பதில்லை. என்னை அதிகம் வியக்க வைப்பது அதன் உள்ளமைப்பு. விரல் பருமனுள்ள கண்ணாடிக் குப்பிக்குள் இரண்டு இழைகள். டிம்முக்கான இழையின் அடியில் கரண்டிக் குழிபோல ஒரு சின்ன உலோகத் தகடு. ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் ஒளி விழாமல் அந்தத் தகடு மறைத்துக்கொள்கிறது. அங்கே பட்ட ஒளிதான் மேல்நோக்கித் தெறித்து எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். டிம்மில் சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தினால், கோடு கிழித்ததுபோல மேலே இருட்டு, கீழே வெளிச்சம். நம் ஊர் வண்டியில் அந்தக் கோடு இடதுபக்கம் மட்டும் 15 டிகிரி சாய்ந்து ஏறும். சாலையோரம் நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் தெரிவதற்காக அந்த ஏற்றம். இத்தனையும் ஒழுங்காக நடக்க, இழை மில்லிமீட்டர் பிசகாமல் தன் இடத்தில் இருக்க வேண்டும்.

எங்கள் 800, 1997ஆம் ஆண்டு மாடல். இன்றும் ஓடுகிறது. வாங்கிய புதிதில் நானும் ஒரு தவறு செய்தேன். அப்போது 100/90 வாட் ஹாலஜன் போடுவது பெருமையாக இருந்தது. 60 வாட் பல்பு இரண்டு எரிந்தால் சுமார் 10 ஆம்பியர் ஓடும். 100 வாட் என்றால் 17ஐத் தொடும். கம்பெனி போட்ட மெல்லிய ஒயருக்கும் ஸ்டீயரிங்கின் அடியில் இருக்கும் சுவிட்சுக்கும் அந்தச் சுமை ஆகாது. ஒரு மழை இரவில், விழுப்புரம் தாண்டியதும் ஹோல்டர் உருகிய நாற்றம் வந்தது. சற்று நேரத்தில் ஒரு பக்கம் அணைந்தது. பின்சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அந்த அரைமணி நேரத்தை நான் மறக்கவில்லை.

அதன் பிறகு வந்தது வெள்ளை வெளிச்சம். முதலில் நீலச் சாயம் பூசிய பல்பு. சாயம் ஒளியை வடிகட்டி விடுவதால் பார்க்க வெள்ளையாகத் தெரியும், சாலையில் விழுவது குறைவு. அப்புறம் ஹெச்ஐடி, இப்போது எல்இடி. சென்னை ஜி.பி. ரோட்டில் நடந்தால் வரிசையாகக் கடைகளில் எல்இடி பல்புகள் அடுக்கியிருக்கின்றன. பழைய ஹோல்டரிலேயே மாட்டிவிடலாம், ஐந்து நிமிட வேலை.

மாட்டலாம்தான். ஆனால் இழை இருந்த இடத்தில் இப்போது ஒரு தகட்டின் இருபுறமும் ஒட்டிய எல்இடி சில்லுகள் இருக்கின்றன. சுற்றிலும் ஒளிவிட்ட இழைக்கென்று வளைத்த ரிஃப்ளெக்டருக்கு இந்த ஒளி பழக்கமில்லாதது. சுவரில் இருந்த கோடு கலைகிறது. ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் பளிச்சென்று தெரிவதால் சந்தோஷம், தூரத்தில் பெரிதாக ஒன்றும் கூடியிருக்காது. மிச்ச ஒளி எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகிறது. நான்குவழிச் சாலையில் நடுத்திட்டு அரளிச் செடி அதை ஓரளவு மறைத்துவிடும். அரளி இல்லாத மாவட்டச் சாலையில்தான் இன்னமும் நம்மில் பெரும்பாலோர் ஊருக்குப் போகிறோம். அங்கே எதிரே டி.வி.எஸ் 50இல் வரும் பெரியவருக்குச் சில விநாடிகள் எதுவுமே தெரியாது. வயதான கண் தெளிய இன்னும் நேரமாகும்.

எல்இடியே ஆகாது என்று நான் சொல்லவில்லை. அதற்கென்றே வடிவமைத்த விளக்கில் அது அருமையாக வேலை செய்கிறது. ஜெர்மனியில் 2020இல், ஹாலஜன் இடத்தில் மாட்டும் எல்இடி பல்பு ஒன்றுக்கு முதன்முதலாகச் சாலை அனுமதி கொடுத்தார்கள். அதுவும் எல்லா வண்டிக்கும் அல்ல. இந்தக் காரின் இந்த விளக்கில் இந்தப் பல்பு என்று சோதித்துப் பட்டியல் போட்டு. நம் கடைகளில் பெட்டியின் மேல் எத்தனை வாட், எத்தனை லூமென் என்று இருக்கிறதே தவிர, எந்த விளக்கில் வைத்துச் சோதித்தார்கள் என்று இருப்பதில்லை.

நம் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி, முன்விளக்கின் ஒளி கீழ்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும் என்கிறது. விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு கண் இருந்தால் அது கூசக் கூடாது. எதிரே வரும் மனிதனின் கண்ணையே அளவுகோலாக வைத்து எழுதிய விதி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தது.

அப்படியானால் பழைய வண்டிக்காரர் மங்கலிலேயே ஓட்ட வேண்டுமா? வேண்டியதில்லை. என் வண்டியில் குறை பல்பில் இல்லை, பல்புக்குப் போகும் வழியில் இருந்தது. தெருமுனை எலக்ட்ரீஷியன் மீட்டரை வைத்து அளந்து காட்டினார். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், ஹோல்டரில் 12.4. இடையில் இருபத்தைந்து வருஷத்து ஒயர், தேய்ந்த சுவிட்ச், துருப்பிடித்த எர்த். வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஹாலஜன் வெளிச்சம் பத்தில் மூன்று பங்கு குறையும்.

அவர் பேட்டரியிலிருந்து நேராகக் கனமான ஒயர் இழுத்து, ஃபியூஸும் இரண்டு ரிலேக்களும் வைத்தார். சுவிட்சுக்கு இப்போது ரிலேயை எழுப்புகிற வேலை மட்டுந்தான். எர்த் பிடித்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் புதிதாக முடுக்கினார். ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு உரிந்திருந்ததால் டூம் இரண்டையும் மாற்றினோம். பல்பு அதே 60/55 வாட் ஹெச்4, நல்ல கம்பெனியுடையது. கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடித்து மாட்டினார், விரல் எண்ணெய் பட்ட இடத்தில் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும் என்பதால்.

கடைசியாக ஃபோகஸ். சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினோம். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறித்து, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே டிம்மின் கோடு விழும்படி திருகாணியைத் திருப்பினார். என் வண்டியில் விளக்கு 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிம் வெளிச்சம் 65 மீட்டர் வரை தரையைத் தொடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய மூன்று விநாடித் தூரம். இருட்டில் 80க்கு மேல் போவதை அன்றோடு விட்டேன்.

அன்றிரவு ஊர்ச்சாலையில் ஓட்டிப் பார்த்தேன். இடதுபக்க மண்பாதையில் நடந்து போன ஒருவரின் வெள்ளை வேட்டி நல்ல தூரத்திலேயே தெரிந்தது. எதிரே வந்த எந்த வண்டியும் என்னைப் பார்த்து லைட் அடித்துத் திட்டவில்லை. 15 வருடம் கடந்த பிறகு இதுவரை மூன்று முறை எஃப்.சி. புதுப்பித்தாயிற்று, கடைசி முறை விளக்குச் சோதனை ஒரு நிமிடத்தில் முடிந்தது.

உங்களிடமும் பழைய கார் இருந்தால், புதுப் பல்பு வாங்கக் கடைக்குப் போகுமுன் ஹோல்டரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று ஒருமுறை அளந்து பாருங்கள். எல்இடி ஏற்கெனவே மாட்டியிருந்தால், இன்றிரவு ஒரு சுவருக்கு முன் நிறுத்தி டிம் போடுங்கள். கோடு தெரியவில்லை என்றால் கழற்றிவிடுங்கள்.