நெரிசலின் கணக்கு: கால்பந்து அரங்கிலிருந்து மேல்மலையனூர் வரை

ஒரு சதுர மீட்டர் இடத்தில் இரண்டு பேர் நின்றால் இருவரும் தோள் உரசாமல் நடக்கலாம். நான்கு பேர் என்றால் நடை தளர்ந்து, அடி அடியாக நகர வேண்டியிருக்கும். ஐந்தைத் தாண்டினால் கையைத் தூக்கவும் இடம் தேட வேண்டும். ஏழு பேர் அளவுக்கு நெருங்கிவிட்டால் அங்கே தனி மனிதர் என்று யாரும் இல்லை. கூட்டம் முழுவதும் ஒரே உடலாக அலைபாயும். கால் தரையில் பாவாமலேயே பல அடி தூரம் ஆள் இழுத்துச் செல்லப்படுவார். கூட்ட நெரிசலை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் 1993இல் எழுதிய கட்டுரையில் இந்த எல்லையைத் தெளிவாகக் குறித்தார். அந்த நிலையில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டுச் சாவதில்லை. நான்கு பக்கமும் அழுத்தம் கூடி, மார்பு விரிய முடியாமல், நின்ற நிலையிலேயே மூச்சடைத்து இறக்கிறார்கள்.

கால்பந்து அரங்கம், கோயில் திருவிழா, கட்சி மாநாடு எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான். இந்தக் கணக்கை உலகம் கற்றுக்கொண்டது பெரும்பாலும் கால்பந்து அரங்குகளில், பல நூறு உயிர்களைக் கொடுத்த பிறகு.

விழுப்புரமும் திண்டிவனமும் பெரிய கால்பந்து அரங்குகள் உள்ள ஊர்கள் அல்ல. ஆனால் தமிழ்நாட்டில் மாதம் தவறாமல் பெருங்கூட்டத்தைப் பார்க்கும் ஊர்கள் இவை. சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையில் திண்டிவனம்தான் பிரிவு முனை. புதுச்சேரிக்கும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் சாலைகள் அங்கே கிளைக்கின்றன. விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னை, திருச்சி, புதுச்சேரி, காட்பாடி என நான்கு பக்கமும் ரயில் பாதை போகிறது. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போகும் கூட்டமும், அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டமும் இந்த இரண்டு ஊர்களின் வழியாகவும் போகின்றன. ஒவ்வொரு அமாவாசை இரவிலும் மேல்மலையனூரில் ஊஞ்சல் உற்சவம் நடக்கிறது. தமிழகம், புதுச்சேரி, ஆந்திரா, கர்நாடகா என்று பல பக்கங்களிலிருந்தும் திரளும் பக்தர்கள் அன்று அந்தச் சிற்றூரை நிறைத்துவிடுகிறார்கள். மாசி மாத மயானக் கொள்ளையின்போது கூட்டம் இன்னும் பெருகும்.

கால்பந்து அரங்குகளின் பாடம் இந்தக் கூட்டங்களுக்கும் பொருந்தும். இந்தியக் கால்பந்தின் பெருந்துயரம் 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் நேர்ந்தது. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய கல்கத்தா லீக் ஆட்டம் அது. மைதானத்தில் இரண்டு வீரர்களுக்கிடையே எழுந்த உரசல் பார்வையாளர் பகுதிக்குப் பரவியது. இரு அணிகளின் ரசிகர்களும் ஒரே கேலரியில் கலந்து உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். கல்வீச்சும் கைகலப்பும் தொடங்கியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியேறப் பார்த்தார்கள். நெரிசலில் 16 ரசிகர்கள் இறந்தார்கள். இன்றும் அந்த நாளைக் கொல்கத்தா கால்பந்து ரசிகர் தினமாக நினைவுகூர்ந்து ரத்ததான முகாம்கள் நடத்துகிறது. பிறகு 1984இல் சால்ட் லேக் அரங்கம் திறக்கப்பட்டு, பெரிய ஆட்டங்கள் அங்கே மாறின. 1997 ஜூலையில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் அதே இரண்டு அணிகள் அங்கே மோதியபோது 1,31,781 பேர் பார்த்தார்கள். பதினேழு ஆண்டுகளுக்கு முன் 16 பேர் இறந்த ஆட்டத்தைவிட மிகப் பெரிய கூட்டம் அது. பகையும் குறைந்திருக்கவில்லை. கூட்டத்தின் எண்ணிக்கையும் அதன் பகையும் மட்டுமே ஆளைக் கொல்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று இந்திய விளையாட்டு வரலாற்றில் கிடைக்காது.

ரசிகர்களைத் தனித்தனியே பிரிப்பது அவசியம். ஆனால் பிரிக்கிறோம் என்று கூண்டு கட்டினால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் உள்ள ஹில்ஸ்பரோ அரங்கம் காட்டியது. 1989 ஏப்ரல் 15, எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. லிவர்பூல் ரசிகர்களில் நின்று பார்க்க வந்த பத்தாயிரம் பேருக்கு ஏழே ஏழு சுழல்கதவுகள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒரு கதவு மணிக்கு 750 பேரை விட்டாலும் அத்தனை பேரும் உள்ளே போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்க நெருங்க வெளியே நெருக்கம் கூடியது. அந்த நெருக்கத்தைக் குறைக்க, வெளியேறுவதற்கென்று வைத்திருந்த ஒரு பெரிய கதவைக் காவல்துறை திறந்துவிட்டது. உள்ளே வந்தவர்களுக்கு எதிரே தெரிந்தது ஒரு சுரங்கப்பாதை. அது ஏற்கெனவே நிரம்பிவிட்ட நடுக்கூண்டுகளுக்கு இட்டுச் சென்றது. பக்கத்துக் கூண்டுகளில் இடம் இருந்தும் அங்கே போகச் சொல்ல ஆள் இல்லை. முன்னால் மைதானத்தை மறித்து இரும்பு வேலி. மூன்று மணிக்குத் தொடங்கிய ஆட்டம் ஆறு நிமிடத்தில் நிறுத்தப்பட்டது. இறந்தவர்கள் மொத்தம் 97 பேர்.

அன்றைக்கே பழி ரசிகர்கள் மேல் விழுந்தது. குடித்துவிட்டு வந்து கதவை முட்டினார்கள் என்றார்கள். குடும்பங்கள் விடாமல் போராடின. கடைசியில் 2016இல், இறந்தவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், ரசிகர்களின் நடத்தை அதற்குக் காரணமில்லை என்றும் விசாரணை ஜூரி தீர்ப்பளித்தது. அதற்கு 27 ஆண்டுகள் ஆயின. நெரிசல் சாவு நடந்த எந்த ஊரிலும் முதலில் கேட்கும் பேச்சு, ‘ஜனங்களுக்கு ஒழுங்கு இல்லை’ என்பதுதான். அந்தப் பேச்சு எளிதானது. ஆனால் பெரும்பாலான நேரங்களில் தவறானது. கூட்டத்தின் முன்வரிசையில் நசுங்குபவருக்குத் தெரிவது பின்வரிசையில் இருப்பவருக்குத் தெரியாது. பின்னால் இருப்பவர் வைக்கும் ஒரு சிறு அடி, ஆயிரம் பேரின் அடியோடு சேர்ந்து முன்னால் பெரும் அழுத்தமாகப் போய் முடிகிறது. கூட்டத்துக்குள் குற்றவாளி என்று யாரையும் தனியாகக் காட்ட முடியாது.

கிளாஸ்கோ ஐப்ராக்ஸ் அரங்கின் படிக்கட்டில் 1971 ஜனவரியில் 66 பேர் இறந்ததை அடுத்து, பிரிட்டன் 1973இல் அரங்கப் பாதுகாப்புக் கையேடு ஒன்றை வெளியிட்டது. பச்சை அட்டைக் கையேடு என்றே அது அறியப்படுகிறது. பல பதிப்புகள் கண்டு, உலகெங்கும் கூட்டம் கூடும் இடங்களுக்கு அடிப்படை நூலாக இருக்கிறது. அதன் கணக்குகள் எளியவை. நின்று பார்க்கும் பகுதியில் பத்துச் சதுர மீட்டருக்கு 47 பேருக்கு மேல் கூடாது. சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வாசல் வழியாக நிமிடத்துக்கு 82 பேர் போகலாம். படிக்கட்டு என்றால் 66 பேர். சாதாரண நேரத்தில் எல்லாரும் எட்டு நிமிடத்துக்குள் பார்வையாளர் பகுதியை விட்டு வெளியேறிவிட வேண்டும்.

இதை வைத்து எந்த ஊர்க்காரரும் தன் ஊர்த் திடலைக் கணக்குப் பார்க்கலாம். நூறு மீட்டர் நீளம், ஐம்பது மீட்டர் அகலம் உள்ள ஒரு திடலில் சதுர மீட்டருக்கு நான்கு பேர் நின்றால் 20,000 பேர். அவர்கள் எட்டு நிமிடத்தில் வெளியேற வேண்டுமானால் வாசல்களின் மொத்த அகலம் முப்பத்தொரு மீட்டருக்குக் குறையக் கூடாது. மூன்று மீட்டர் வாசல் என்றால் பதினொன்று வேண்டும். அவற்றில் எதிலும் பானிபூரி வண்டியும் பொம்மைக் கடையும் நிற்கக் கூடாது. திருவிழாக் காலத்தில் நம் ஊர்த் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசி விதிதான் எல்லாவற்றிலும் கடினமானது என்று தெரியும். பிழைப்புக்காகக் கடை போடுபவர்களை விரட்டாமல், வழியிலிருந்து தள்ளி இடம் ஒதுக்கிக் கொடுப்பது முன்கூட்டியே செய்ய வேண்டிய வேலை.

மேல்மலையனூர் ஊஞ்சல் உற்சவத்துக்கும் கால்பந்து ஆட்டத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. பகலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் சேர்கிறது. நள்ளிரவை ஒட்டி உற்சவம் முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேருந்து நோக்கித் திரும்புகிறார்கள். ஆட்டம் முடிந்து நடுவர் விசில் ஊதியதும் அரங்கத்தில் நடப்பது இதேதான். வரும் கூட்டத்தைவிடத் திரும்பும் கூட்டம் ஆபத்தானது. இருட்டு, தூக்கக் கலக்கம், தோளில் உறங்கும் குழந்தை, கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரம் எல்லாம் அதில் சேர்கின்றன. எனவே அமாவாசைச் சிறப்புப் பேருந்துகள் வெறும் போக்குவரத்து வசதி மட்டும் அல்ல. அவை பாதுகாப்பு ஏற்பாட்டின் ஒரு பாகம். செஞ்சி, திண்டிவனம் பக்கம் போகிறவர்களுக்கும் திருவண்ணாமலை பக்கம் போகிறவர்களுக்கும் தனித்தனித் திசையில் பேருந்து நிறுத்தம் இருந்தால், கோயில் வாசலிலேயே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். பேருந்து போதுமான அளவு இருக்கிறது என்ற நம்பிக்கை ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டாலே ஓட்டம் நடையாக மாறும்.

காவல்துறையின் நடவடிக்கையே சாவுக்குக் காரணமான ஆட்டங்களும் உண்டு. 1964 மே மாதம் பெரு நாட்டின் லிமாவில் 328 பேர், 2001 மே மாதம் கானாவின் அக்ராவில் 126 பேர், 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் மலாங்கில் 135 பேர் இறந்தார்கள். மூன்று இடங்களிலும் பார்வையாளர்களை நோக்கிக் கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. மூன்று இடங்களிலும் வெளியேறும் வழிகள் அடைபட்டோ குறுகலாகவோ இருந்தன. மலாங்கில் எதிரணி ரசிகர்களுக்கு அன்று அனுமதியே இல்லை. மோதிக்கொள்ள ஆள் இல்லாத அரங்கம் அது. தோற்ற அணியின் ரசிகர்கள் சிலர் மைதானத்தில் இறங்கியதற்காக, படிகளில் இருந்த குடும்பங்கள் மேல் புகை விழுந்தது. அரங்குகளுக்குள் கண்ணீர்ப்புகை கூடாது என்று ஃபிஃபாவின் விதிகள் சொல்கின்றன. ஆனாலும் ஏறக்குறைய அறுபது ஆண்டு இடைவெளியில் ஒரே தவறு மூன்று கண்டங்களில் நடந்திருக்கிறது.

கூட்டம் என்றால் அறிவிழந்த மிருகம் என்ற எண்ணம் 1895இல் பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் லெ போன் எழுதிய நூலின் வழியே வேரூன்றியது. இன்றைய ஆய்வுகள் அதை ஏற்பதில்லை. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் ட்ரூரி, பேரிடர்களில் உயிர் பிழைத்தவர்களிடம் கேட்டு எழுதியவற்றில், முன்பின் அறியாதவர்கள் ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டதும் வழிவிட்டதும்தான் மிகுதியாகப் பதிவாகியுள்ளன. காவலர்கள் கூட்டத்தை எப்படி நடத்துகிறார்களோ அதைப் பொறுத்தே கூட்டமும் நடந்துகொள்கிறது என்பது சமூக உளவியலாளர் கிளிஃபர்ட் ஸ்டாட்டின் ஆய்வுகளின் சாரம். 2004 யூரோ கோப்பையின்போது போர்ச்சுகல் நகரக் காவல்துறை தலைக்கவசமும் கேடயமும் இல்லாமல் ரசிகர்களோடு பேசிப் பழகியது. கலவரத்துக்குப் பெயர்போன இங்கிலாந்து ரசிகர்கள் அந்த ஆட்ட நகரங்களில் பெரும்பாலும் அமைதியாகவே இருந்தார்கள்.

டிக்கெட் இல்லாத கூட்டத்தின் எண்ணிக்கையே முன்கூட்டித் தெரியாது என்பது இன்னொரு சிக்கல். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்கின் வாசல்களில் கிரிக்கெட் வெற்றி விழாவுக்குத் திரண்டவர்களில் 11 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 27இல் கரூரில் அரசியல் கூட்டம் ஒன்றுக்காகப் பல மணி நேரம் காத்திருந்தவர்களில் 41 பேர் இறந்தார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் விக்கிரவாண்டியை அடுத்த வி.சாலையில் 2024 அக்டோபர் 27 அன்று தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநாடு நடந்தது. திறந்த வெளி, நெடுஞ்சாலையை ஒட்டிய நிலம், காவல்துறையின் பல நிபந்தனைகள் எல்லாம் இருந்தும், மாலையில் தொடங்கவிருந்த நிகழ்ச்சிக்குக் காலையிலிருந்தே வந்து வெயிலில் காத்திருந்தவர்களில் பலர் மயங்கி விழுந்தார்கள். நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகராமல் நின்றன. தண்ணீரும் நிழலும் கூட்டக் கட்டுப்பாட்டின் பாகம்தான். மயங்கி விழுபவரைச் சுற்றித்தான் பல இடங்களில் நெரிசல் தொடங்குகிறது. ஆம்புலன்ஸ் போக வழி விடாத திடல் எவ்வளவு பெரியதானாலும் போதாது.

கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் செவன்ஸ் (எழுவர்) கால்பந்துக்குப் போடப்பட்ட தற்காலிக கேலரி ஒன்று 2022 மார்ச்சில் சரிந்து இருநூறு பேர் வரை காயமடைந்தார்கள். மூங்கிலும் மரமும் கட்டி மேடை போடுவது நம் பக்கத்திலும் வழக்கம். பொறியாளர் பார்த்துச் சான்று தராத கேலரியில் ஒருவரையும் ஏற்றக் கூடாது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014இல் பெருங்கூட்ட நிர்வாகத்துக்கென்று தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. இடத்தின் கொள்ளளவு, வழிகளின் அகலம், மருத்துவ உதவி, பொறுப்பு யாருடையது என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. ஊர்க்கோயில் விழாக் குழுவும் ஒன்றியக் கால்பந்துப் போட்டி நடத்துபவர்களும் படிக்கக்கூடிய அளவுக்கு அது தமிழில் எளிமையாகப் போய்ச் சேர வேண்டும்.

நெருக்கத்தில் சிக்கிக்கொண்டவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் உயிர் காக்கும். இரண்டு கைகளையும் மடக்கி மார்புக்கு முன்னால், குத்துச்சண்டைக்காரர் நிற்பதுபோல் வைத்துக்கொண்டால் மூச்சுக்கு இடம் கிடைக்கும். அலை தள்ளும்போது எதிர்த்து நிற்காமல் அதோடு போய், அது தளரும் நொடியில் குறுக்குவாட்டில் ஓரத்துக்கு நகர வேண்டும். சுவரையும் வேலியையும் விட்டு விலகியிருப்பது நல்லது. செருப்போ செல்போனோ விழுந்தால் குனியக் கூடாது. குழந்தையை முதுகில் அல்ல, தோளுக்கு மேல் ஏற்றிக்கொள்ள வேண்டும். விழுந்துவிட்டால் உடனே எழ முயல வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்தோ குப்புறவோ கிடக்காமல் பக்கவாட்டில் சுருண்டு, தலையைக் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும்.