நீரிழிவும் சிறுநீரகமும்

மூன்று திங்களுக்கு முன்பு நம் குடியிருப்பு அன்பர் ஒருவர் கால் வீங்கி மருத்துவமனைக்குச் சென்றார். பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர். நோவு ஏதுமின்மையால் சிறுநீரகத்தைப் பற்றி நினைத்தவரே அல்லர். அது பாதிக்கு மேல் பழுதுற்றதென வைத்தியர் கூறிவிட்டார். "முன்னாடியே தெரிஞ்சுக்க ஒரு சோதனை இருக்காமே, தம்பி! யாருமே சொல்லலையே!" என்று அவ்வில்லத்து அம்மையார் கலங்கினார். நாமும் அறிந்திலோம். அதன் பின்னர் கேட்டும் படித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை அவற்றின் மெல்லிய சுவர்களைப் புண்படுத்துகிறது. நீரிழிவாளரின் வடிகட்டிகளில் முடிச்சுப் போன்ற தழும்புகள் காணப்படுவதைக் கிம்மெல்ஸ்டீல், வில்சன் என்னும் இருவர் 1936-இல் விவரித்தனர். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் மட்டுமன்றி, நம்மைக் காக்கும் நோய் எதிர்ப்புப் படைக்கும் இக்கேட்டில் பங்குண்டு என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

அஃது எவ்வாறு? தண்டவாளம் பழுதானால் செப்பனிடும் கூட்டம் வரும். வேலை முடிந்ததும் திரும்பிவிடும். அதுபோலவே, புண்பட்ட வடிகட்டிகள் விடும் இரசாயன அழைப்பைக் கேட்டு வெள்ளையணுக்கள் வந்து குழுமுகின்றன. ஆனால் சர்க்கரை அடங்காதவரை பழுதும் ஓய்வதில்லை. வந்த கூட்டமும் கலைவதில்லை. அவை சுரக்கும் பொருள்கள் அழற்சியை மூட்டித் தழும்பை வளர்க்கின்றன. முற்றிலும் தழும்பேறிய வடிகட்டி மீண்டும் உயிர்பெறாது.

ஆயினும் மனம் தளர வேண்டுவதில்லை. லோசார்ட்டான், இர்பெசார்ட்டான் ஆகிய மருந்துகள் இச்சிதைவைத் தாமதப்படுத்தும் என்பதை 2001-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அழற்சியையும் தழும்பையும் தணிக்கும் நோக்குடைய பினெரினோன் என்னும் மருந்தும் பயன் தருவதாக 2020-இல் ஓர் ஆய்வு காட்டியது. எவருக்கு எது ஏற்றது என்பதை வைத்தியரே முடிவு செய்ய வேண்டும்.

தொடக்கத்தில் இந்நோய் வலியோ வீக்கமோ காட்டாது. சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் சிறிது கசியும், அவ்வளவே. கிரியாட்டினின் 1 கிராமுக்கு அல்புமின் 30 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின் அஃது எச்சரிக்கை. மீண்டும் சோதித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். நீரிழிவுள்ளோர் ஆண்டுதோறும் இச்சோதனையையும் கிரியாட்டினின் இரத்தச் சோதனையையும் செய்துகொள்வது நலம். இரத்த அழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். வைத்தியரைக் கேளாமல் வலி மாத்திரைகளை விழுங்கலாகாது.

ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு அக்கம்பக்கத்தாரே உறவினர். இதைப் படித்து முடித்ததும் அடுத்த வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். "யாருமே சொல்லலையே" என்னும் சொல்லை நாம் இன்னோர் இல்லத்தில் கேட்க வேண்டாம்.