உஷார்! அந்த நீதிபதி வில்லன் முகத்தோடு வரமாட்டார்

அம்மாக்களே, அப்பாக்களே, டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

நகைச்சுவைத் தொடரில் வரும் அநியாய நீதிபதியைப் பார்த்து நாம் எல்லோருமே சிரித்திருக்கிறோம். பி.பி.சி.யில் 1989-ல் வந்த ‘பிளாக்ஆடர் கோஸ் ஃபோர்த்’ தொடரில் ஒரு ராணுவ விசாரணை வரும். நீதிபதி ஜெனரல் மெல்செட். அவர் பாசமாக வளர்த்த புறாவைச் சுட்டுவிட்டதாகக் கதாநாயகன் மேல் வழக்கு. விசாரணை தொடங்குவதற்கு முன்பே, மரண தண்டனை சொல்லும்போது அணிகிற கறுப்புத் தொப்பியைக் கேட்டு வாங்குகிறார். கதாநாயகனுக்காக வாதாட வந்தவருக்கு, வந்த குற்றத்துக்காகவே 50 பவுண்டு அபராதம். அப்புறம் நீதிபதியே சாட்சியும் சொல்கிறார்! மெல்செட்டாக நடித்த ஸ்டீபன் ஃப்ரையின் அந்த உறுமலுக்குச் சிரிக்காதவர் யார்?

சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் சிரித்து முடித்த பிறகு மனசுக்குள் ஒரு நம்பிக்கை தங்கிவிடுகிறதே, அதுதான் ஆபத்து. கெட்ட நீதிபதி என்றால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை.

தெரியாது. சத்தியமாகத் தெரியாது!

அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் லூசெர்ன் என்றொரு மாவட்டம். 2007-ல் அங்கே ஒரு மாணவி, தன் பள்ளியின் துணை முதல்வரைக் கிண்டல் செய்து மைஸ்பேஸ் என்ற சமூக வலைதளத்தில் ஒரு பக்கம் போட்டாள். வேடிக்கைக்குத்தான் என்று அதிலேயே எழுதியும் வைத்திருந்தாள். அவ்வளவுதான் அந்தக் குழந்தை செய்தது. நீதிமன்றத்தில், வக்கீல் வேண்டாம் என்ற தாளில் அவள் அம்மா கையெழுத்துப் போட்டார். நாலு வார்த்தை கண்டித்து அனுப்புவார்கள் என்றுதானே எந்தத் தாயும் நினைப்பாள்?

விசாரணை இரண்டு நிமிடம்கூட நடக்கவில்லை. மூன்று மாதம் உள்ளே. பெற்றவர்கள் திகைத்து நிற்க, கண்ணெதிரிலேயே கைவிலங்கு.

அந்த நீதிபதி மார்க் சியாவரெல்லா. உறுமுகிற ஆள் என்று ஊர் அவரைப் பார்த்துப் பயப்படவில்லை. கண்டிப்பானவர், பிள்ளைகளைத் திருத்துகிறவர் என்று பள்ளிகளே மேடை போட்டுப் பேச வைத்தன. 1999-ல் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு அமெரிக்கா முழுக்கப் பெற்றோர் நடுங்கிப்போயிருந்த காலம் அது. அந்தப் பயத்துக்கு அவருடைய கண்டிப்பு ஆறுதலாக இருந்தது. ஓட்டுப் போட்டு மறுபடியும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

பின்னால் நடந்ததைக் கேளுங்கள். அவரும் மைக்கேல் கோனஹன் என்ற இன்னொரு நீதிபதியும், தனியார் சிறுவர் காப்பகங்களைக் கட்டியவரிடமும் அவற்றின் உரிமையாளர் ஒருவரிடமும் 26 லட்சம் டாலருக்கு மேல் வாங்கியிருந்தார்கள். மாவட்டம் நடத்திவந்த பழைய காப்பகத்துக்குப் பணத்தை நிறுத்தி மூட வைத்தவர் கோனஹன். தனியார் காப்பகம் நிரம்ப வேண்டும். நிரப்பப் பிள்ளைகள் வேண்டும்!

2009-ல் குட்டு உடைந்தது. மாநில உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 4,000 தீர்ப்புகளை ரத்து செய்தது. 2011-ல் சியாவரெல்லாவுக்கு 28 ஆண்டு சிறை, கோனஹனுக்குப் பதினேழரை ஆண்டு. 2022-ல் 20 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொல்லி உத்தரவு. ஆனால் அந்தப் பிள்ளைகளில் சிலர் அதற்குள் போதையிலும் தற்கொலையிலும் போய்விட்டார்கள். எந்தப் பணம் அவர்களைத் திருப்பிக் கொண்டுவரும்?

அதனால் சொல்கிறேன், முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நடக்கிற விதத்தைக் கவனியுங்கள்.

“சின்ன கேஸ்தானே, வக்கீல் எதுக்கு?” என்று யாராவது சொல்கிறார்களா? அங்கேயே சுதாரியுங்கள். சியாவரெல்லா முன்னால் நின்ற பிள்ளைகளில் பாதிக்கு மேல் வக்கீல் இல்லாமல் நின்றவர்கள். பிள்ளைகளுக்கும் வக்கீல் உரிமை உண்டு என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்ட நாட்டில் இந்தக் கதி! நீட்டுகிற தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

பிள்ளை வாயைத் திறப்பதற்குள் தீர்ப்பு வருகிறதா? கிண்டல் செய்தவனுக்கும் அடித்தவனுக்கும் ஒரே தண்டனையா? எல்லோரும் ஒரே இடத்துக்கா போகிறார்கள்? அந்த இடம் யாருடையது என்று கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். அந்த நீதிமன்றத்தில் தினமும் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்த அரசு வக்கீல்களும் அதிகாரிகளும் வருஷக்கணக்கில் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் பேசுவார் என்று காத்திருந்தால் உங்கள் பிள்ளை உள்ளே போய்விடும்.

கண்ணில் படவே படாத அடையாளம் இன்னொன்று உண்டு. ஊரே கைதட்டுகிற கண்டிப்பு. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த தண்டனையைப் பார்த்து “நல்லா வேணும்” என்று நாம் சொல்கிறோமே, அந்த இடத்தில்தான் அது ஒளிந்துகொள்கிறது.

அந்த மாணவியின் அம்மா அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. பிலடெல்பியாவில் சிறுவர்களுக்காக வழக்காடும் சட்ட மையத்துக்குப் போன் போட்டார். அவர்கள் மனுப் போட்டார்கள். மூன்று மாதம் முடியும் முன்பே மகள் வீடு வந்தாள். மொத்த ஊழலும் வெளியே வரக் காரணமான தொலைபேசி அழைப்புகளில் அதுவும் ஒன்று.

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்களே, வக்கீல் வேண்டாம் என்ற தாள் வந்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள். இங்கே இந்தியாவில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி, 18 வயது ஆகாத பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும். வக்கீல் வைக்கக் காசில்லையா? பிள்ளைகளுக்கு, குடும்ப வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். எண் 15100. இப்போதே உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள், பிள்ளையின் போனிலும்.