விடியலைப் பத்து விநாடியில் அடக்கும் வித்தை
செங்கம் மலைச்சரிவிலிருந்து ஒரு சூரியோதயம்

திரையில் ஓர் ஊர் தெரிகிறது. கும்மிருட்டு. தெருவிளக்குகள் மட்டும் புள்ளி புள்ளியாக மின்னுகின்றன. தலைக்கு மேல் நட்சத்திரங்கள் நகர்கின்றன. கீழ்வானம் வெளுக்கிறது, சிவக்கிறது. மேகங்கள் குதிரைப் பாய்ச்சலில் ஓடுகின்றன. பள்ளத்தில் கிடந்த பனிமூட்டம் பால் பொங்குவதுபோல் பொங்கி அடங்குகிறது. சூரியன் துள்ளி எழுகிறான். தெருவிளக்குகள் அணைகின்றன. சாலையில் பஸ்கள் எறும்புகளைப்போல் பறக்கின்றன. இவ்வளவும் பத்தே விநாடியில்!

இப்படிப்பட்ட காட்சிகளை இப்போது சினிமாவிலும் டெலிவிஷனிலும் அடிக்கடி காட்டுகிறார்கள். 'டைம் லாப்ஸ்' என்று இதற்குப் பெயர். மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. எல்லாம் வெறும் கணக்குத்தான்.

சினிமாக் காமிரா ஒரு விநாடிக்கு 24 படம் எடுக்கிறது. திரையிலும் விநாடிக்கு 24 படம் ஓடுகிறது. ஆகவே நடந்தது நடந்த வேகத்தில் தெரிகிறது. எடுக்கும்போது மட்டும் வேகத்தைக் குறைத்து, 20 விநாடிக்கு ஒரு படம் என்று எடுத்தால்? 80 நிமிஷத்தில் 240 படம் சேரும். அதை விநாடிக்கு 24 வீதம் ஓட்டினால் பத்து விநாடியில் தீர்ந்துபோகும். காலம் 480 மடங்கு வேகமாக ஓடிவிட்டது!

இடித்த கொட்டகை

வித்தை புதிதல்ல. 1901-ல் நியூயார்க் நகரில் 'ஸ்டார் தியேட்டர்' என்ற நாடகக் கொட்டகையை இடித்தார்கள். எதிர்ப்புறக் கட்டிடத்தில் ஒரு காமிராவை வைத்து, சில நிமிஷங்களுக்கு ஒரு படம் வீதம் நாள் கணக்கில் எடுத்தார்கள். திரையில் போட்டபோது கண் மூடித் திறப்பதற்குள் கொட்டகை உருகித் தரைமட்டமாயிற்று. அதே படத்தைத் தலைகீழாக ஓட்டியபோது கட்டிடம் தானே எழுந்து நின்றது! 1910-ல் பெர்ஸி ஸ்மித் என்ற ஆங்கிலேயர் மொட்டுகள் மலர்வதைப் படமாக்கினார். நகரங்களையே இந்த முறையில் எடுத்து உலகத்தை வியக்க வைத்தது, 1982-ல் வந்த 'கொயானிஸ்காட்ஸி' என்ற அமெரிக்கப் படம். அதில் வசனம் கிடையாது. மேகமும் மோட்டாரும் ஜனக்கூட்டமும்தான் கதாபாத்திரங்கள்.

ஆனால் நம் தமிழ்நாட்டில், யாரும் சினிமா எடுக்கவேண்டும் என்று நினைக்காமலே, நூறு ஆண்டுக்கு மேல் நீண்ட ஒரு டைம் லாப்ஸ் சேர்ந்து கிடக்கிறது. அது கொடைக்கானலில் இருக்கிறது.

கொடைக்கானல் புதையல்

1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைப் பெரும் பஞ்சம் வாட்டியது. லட்சக்கணக்கானோர் மாண்டனர். மழை ஏன் பொய்த்தது? சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் சம்பந்தம் உண்டா? சூரியனை இடைவிடாமல் கவனித்தால் இது விளங்கலாம் என்று அன்று எண்ணினார்கள். அதன் பலனாக எழுந்ததுதான் கொடைக்கானல் வானிலையகம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,340 மீட்டர் உயரத்தில், 1899-ல் அது தொடங்கியது. 1904 முதல் சூரியனைத் தினந்தோறும் படம் பிடித்து வருகிறார்கள். மேகம் மறைத்த நாட்கள் மட்டுமே விதிவிலக்கு.

படம் எடுப்பது பெரும்பாலும் காலை நேரத்தில். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, மேலே உள்ள காற்று அலையத் தொடங்கும். அப்போது சூரிய பிம்பம், கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசுபோல் நெளியும். விடிந்த சிறிது நேரத்துக்குள் எடுத்தால்தான் தெளிவு.

கண்ணாடித் தகடுகளிலும் பிலிமிலும் இருந்த அந்தப் படங்களை இந்திய வான் இயற்பியல் நிலையம் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறது. அவற்றை வரிசையாக ஓட்டினால், கரும்புள்ளிகள் சூரியனின் ஒரு விளிம்பில் தோன்றி மறு விளிம்புக்கு நகர்வதைப் பார்க்கலாம். சூரியன் சுமார் 27 நாளுக்கு ஒரு முறை தன்னைத்தானே சுற்றுவது கண்ணுக்கு நேராகத் தெரியும். கரும்புள்ளிகள் பெருகி மறுபடி குறைய ஏறக்குறைய 11 ஆண்டு பிடிக்கிறது. நாளுக்கு ஒரு படம், விநாடிக்கு 24 படம் என்றால், அந்தப் பதினொரு ஆண்டும் மூன்று நிமிஷத்துக்குள் ஓடி முடிந்துவிடும். பஞ்சத்தின் காரணத்தைத் தேடி எடுத்த படம், பஞ்சத்தைத் தீர்க்கவில்லை. ஆனால் இன்று சூரிய ஆராய்ச்சி செய்வோர் அதைப் புதையலாக மதிக்கிறார்கள்.

செங்கத்துக் கணவாய்

இனி ஒரு சிற்றூரின் விடியலை உயரத்திலிருந்து எடுக்கும் கதைக்கு வருவோம். அதற்குச் செங்கம் வெகு பொருத்தமான இடம்.

திருவண்ணாமலைக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில், சவ்வாது மலைக்கும் தென்புறக் குன்றுகளுக்கும் நடுவே, ஒரு வாசல்போல் அமைந்த ஊர் செங்கம். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கீழ்நாட்டுக்கு வரும் பாதை இதன் வழியாகத்தான். அதனால்தான் 1767 செப்டம்பரில் ஹைதர் அலியின் படையும் கர்னல் ஸ்மித்தின் கும்பினிப் படையும் இங்கே மோதிக்கொண்டன. அதற்கும் வெகு காலம் முந்தி, சங்க நூலான 'மலைபடுகடாம்' பாடப்பெற்ற நன்னனின் செங்கண்மா என்ற ஊர் இதுவே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அந்த நூலின் பெயரே மலையில் எழும் ஓசையைக் குறிப்பது. பாவம், டைம் லாப்ஸ் காமிராவுக்குக் காது கிடையாது! அருவியின் இரைச்சலும் அதிகாலைச் சேவலும் அதில் விழாது.

சவ்வாது மலையில் பிறந்து வரும் செய்யாறு, குப்பநத்தம் அணையில் தேங்கி, செங்கத்தை ஒட்டிப் போகிறது. மலைச்சரிவில் நின்று தெற்கே காமிராவைத் திருப்பினால், அணை நீரும் ஊரும் சாலையும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி இடம் தேடலாம். சூரியன் இடதுகைப் பக்கம் எழுவான். சூரியனை நேராகப் பார்த்து எடுப்பதைவிட இதுவே மேல். நேராக எடுத்த படத்தில் நெருப்பு உருண்டை ஒன்றுதான் மிஞ்சும். பக்கத்திலிருந்து எடுத்தால் மலையின் நிழல் வயல்மேல் நீண்டு கிடந்து, மெல்ல மெல்லச் சுருங்குவது தெரியும்.

ஒரு எச்சரிக்கை. சவ்வாது மலையில் பெரும்பகுதி காப்புக் காடு. வன இலாகாவின் அனுமதி இல்லாமல் இருட்டில் ஏறக்கூடாது. 'டிரோன்' என்ற பறக்கும் காமிராவுக்கும் 2021-ம் ஆண்டு விதிகள் உண்டு. இந்த வேலைக்கு டிரோன் உதவாது என்பது வேறு விஷயம். அதன் பாட்டரி அரை மணி நேரம் தாங்குவதே பெரிய காரியம்.

வெளிச்சத்தோடு மல்லுக்கட்டு

காமிராவை முக்காலியில் நிறுத்திவிட்டுக் காப்பி சாப்பிடப் போய்விடலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். விடியலில் வெளிச்சம் பல லட்சம் மடங்கு பெருகுகிறது. இருட்டில் ஒரு படத்துக்குப் பதினைந்து விநாடி லென்ஸைத் திறந்து வைக்கவேண்டும். சூரியன் வந்தபிறகு விநாடியில் 250-ல் ஒரு பங்கே போதும். இரண்டுக்கும் நடுவே, யாரும் கண்டுபிடிக்காதபடி படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். ஒரு படி தடுமாறினாலும் திரையில் படம் கெட்டுப்போன குழல் விளக்குபோல் விட்டு விட்டு மின்னும்.

நம் பக்கத்தில் இந்தத் தொல்லை அதிகம். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் சூரியன் இங்கே கிட்டத்தட்டச் செங்குத்தாக மேலே ஏறுகிறான். கிழக்கே முதல் வெளுப்புத் தெரிந்து ஒன்றேகால் மணி நேரத்துக்குள் சூரியோதயம் ஆகிவிடும். அந்த நேரத்திலும் கடைசி இருபது நிமிஷத்தில்தான் ஊரின் வீடுகளும் மரங்களும் நன்றாகப் பிரிந்து தெரிகின்றன. அடிவானத்தில் விளிம்பு காட்டிய சூரியன் முழுதும் வெளியே வர இரண்டு நிமிஷம் சொச்சம்; 20 விநாடிக்கு ஒன்று என்றால் ஆறு ஏழு படத்துக்குள் அடக்கம். திரையில் கால் விநாடி! லண்டனில் கோடை விடியல் சாவகாசமாக வரும். அங்கே எடுத்த கணக்கை அப்படியே இங்கே போட்டால் பலிக்காது.

மற்றத் தொல்லைகளையும் சொல்லவேண்டும். மலைப்பனி லென்ஸில் படிந்து பாதியில் படத்தை மறைத்துவிடும். அதற்காக லென்ஸைச் சுற்றிச் சூடு தரும் பட்டை கட்டுகிறார்கள். முக்காலி காற்றில் ஆடாமல் இருக்கக் கல் நிறைத்த பையைத் தொங்கவிடுகிறார்கள். தூரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பையும் நிறத்தைத் தானே மாற்றும் அமைப்பையும் நிறுத்திவிடவேண்டும். இல்லாவிட்டால் செவ்வானம் கண்டதும் காமிரா அதை வெள்ளையாக்கப் பார்க்கும்! இப்போது செல்போனிலேயே இந்த வசதி வந்துவிட்டது. பகலில் மேகம் ஓடுவதை எடுக்க அது போதும். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும் பயணத்துக்கு அது சோதனைதான்.

மலைக்கு மறுபுறம்

செங்கத்திலிருந்து நேர்கோட்டில் வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால், அதே சவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. விஞ்ஞானி வைனு பாப்பு 1960-களில் நல்ல இருட்டைத் தேடி அலைந்து பிடித்த இடம். 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு. 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் அங்கே வேலை ஆரம்பமாயிற்று. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டறிந்ததில் காவலூருக்கும் பங்கு உண்டு. 1986-ல் 2.3 மீட்டர் தொலைநோக்கியை அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். வைனு பாப்பு அதைப் பார்க்க இல்லை. 1982-லேயே காலமாகிவிட்டார்.

செங்கத்து மலைமீது படம் எடுப்பவருக்கு வேலை தொடங்கும் நேரத்தில் காவலூரில் வேலை முடிகிறது. கீழ்வானம் வெளுத்தால் மங்கலான நட்சத்திரங்கள் போய்விடும். கூண்டை மூடவேண்டியதுதான்.

விடியலின் வெளுப்பு தினம் வந்து போவது. ஊர்களின் வெளிச்சமோ வந்தால் போவதில்லை. மலையைச் சுற்றியுள்ள ஊர்கள் வளர வளர, விளக்குகளின் ஒளி மேலே சிதறி அடிவானத்தில் நிரந்தரமான ஒரு பொய் விடியலை உண்டாக்குகிறது. பழைய மஞ்சள் சோடியம் விளக்கு போய் வெள்ளை எல்.இ.டி. விளக்கு வந்ததில் மின்சாரம் மிச்சம். ஆனால் அதில் உள்ள நீல ஒளி காற்றில் அதிகம் சிதறக்கூடியது. தெருவிளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டு, ஒளியைத் தரைக்கு மட்டும் அனுப்பினால் பாதித் தொல்லை தீரும். தெருவுக்கும் வெளிச்சம் குறையாது. இதைச் செய்யப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. இன்னும் இருண்ட வானம் வேண்டி நம் விஞ்ஞானிகள் லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஹான்லேவுக்கும் போய்த் தொலைநோக்கி வைத்தார்கள். 2022-ல் அந்தப் பகுதியை இருள்வானக் காப்பிடம் என்று அறிவித்து, விளக்குகளுக்குக் கட்டுப்பாடும் வைத்திருக்கிறார்கள்.

காவலூரைச் சுற்றி வெளிச்சம் எவ்வளவு ஏறுகிறது என்று காட்ட, விடியல் படம் எடுப்பவரே உதவலாம். அதற்கு அழகு தேவையில்லை, ஒழுங்குதான் தேவை. ஆண்டுதோறும் ஜனவரி அமாவாசையை ஒட்டி, அதே பாறை, அதே லென்ஸ், அதே கோணம். அந்த மாதக் கடைசியில் செங்கத்தில் சூரியோதயம் காலை 6-40 வாக்கில். நட்சத்திரங்களும் வேண்டுமானால் 5-20-க்கே முதல் படம் விழவேண்டும். விளக்கு எரியும் ஊரும் கறுத்த வானமும் சேர்ந்திருக்கும் முதல் பதினைந்து படங்களைத் தனியே எடுத்துத் தேதி எழுதி வைத்துவிட்டால், மீதியைச் சினிமாவாக ஓட்டிக்கொள்ளலாம்.