மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்குப் போறதுக்கு முன்னாடி: 20 டாலருக்குள்ள ஒரு பர்கர்

இன்னைக்குக் கேள்வி ரொம்பச் சின்னது. நியூயார்க்ல, மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல ராத்திரி 8 மணிக்கு கான்சர்ட். டிக்கெட் வாங்கினதுலயே பாதி மாசச் செலவு போயிடுச்சு. சாப்பாட்டுக்கு 20 டாலர்தான் ஒதுக்க முடியும். ஒரு பர்கர் சாப்பிட்டு, வயிறு நிறைஞ்சு, முதல் பாட்டுக்கு முன்னாடி சீட்ல போய் உட்கார முடியுமா?

தாராளமா முடியும். ஆனா மெனு போர்டுல இருக்கிற விலையை மட்டும் நம்பிப் போனா முடியாது.

முதல்ல இடத்தைப் பார்த்துடுவோம். எடிசன்ல இருக்கிற நம்ம ஆளுங்க நியூஜெர்சி ட்ரான்சிட் ரயில் ஏறினா நேரா பென் ஸ்டேஷன். ஜெர்சி சிட்டியில இருந்து வர்றவங்க பாத் ரயில்ல 33-வது தெருவுல இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தாப் போதும். பென் ஸ்டேஷனோட தலைக்கு மேலயேதான் கார்டன் உட்கார்ந்திருக்கு. வசதின்னா அப்படி ஒரு வசதி. பிரச்சினையும் அதேதான். கான்சர்ட்டுக்கு வர்ற கூட்டம் 20,000 பேர் வரைக்கும் போகும். அவங்க மேல ஏற வர்ற அதே நேரத்துல, ஆபீஸ் முடிச்ச கூட்டம் ரயில் பிடிக்கக் கீழ இறங்குது. சாயந்தரம் 6 மணியில இருந்து ஏழரை வரைக்கும் சுத்தியுள்ள எல்லாக் கடையிலயும் இந்த ரெண்டு கூட்டமும் ஒண்ணா நிக்கும்.

இப்போ பில். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். மேஜையில உட்கார்ந்து சாப்பிடுற கடை. பர்கர் 18 டாலர், ஒரு சோடா 4 டாலர். மொத்தம் 22. 20-ஐத் தாண்டிடுச்சேன்னு நினைக்கிறீங்க, அதுவே இன்னும் முடியல. நியூயார்க் நகரத்துல சமைச்ச சாப்பாட்டுக்கு விற்பனை வரி 8.875 சதவீதம். அது 1 டாலர் 95 சென்ட். அப்புறம் டிப். 20 சதவீதம்னு வெச்சா 4 டாலர் 40 சென்ட். ஆக 28 டாலர் 35 சென்ட். நம்ம ஊர்ல பில்லுல ஜிஎஸ்டி 5 சதவீதம் பார்த்தே பழகினவங்களுக்கு இது கொஞ்சம் ஷாக்தான்.

"டிப் என் இஷ்டம்தானே?" சட்டப்படி ஆமா. ஆனா அங்க சம்பளமே டிப்பைக் கணக்குல வெச்சுத்தான் எழுதியிருக்காங்க. 2025-ல நியூயார்க் நகரத்தோட குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலரா இருந்தது. ஆனா மேஜையில பரிமாறுறவருக்கு முதலாளி கையில இருந்து 11 டாலர் குடுத்தாப் போதும், மிச்சம் 5.50 டாலரை டிப்புல இருந்து ஈடுகட்டிக்கலாம்னு அந்த வருஷம் சட்டமே இடம் குடுத்தது. அதனால டிப் வைக்காம எழுந்து வந்தா நீங்க கடைக்காரரைத் தண்டிக்கல, காபி ஊத்தினவரைத்தான் தண்டிக்கிறீங்க. என் கருத்து: டிப் குடுக்கக் கட்டுப்படியாகலைன்னா அந்த மாதிரிக் கடையில உட்காரவே வேண்டாம். உட்கார்ந்தா, பில்லுல இருக்கிற வரியை ரெண்டால பெருக்குங்க. கிட்டத்தட்ட 18 சதவீதம் வந்துடும். நியூயார்க்காரங்க ரொம்ப நாளாப் பண்ற குறுக்கு வழி இது. ஆறு பேர், எட்டு பேர்னு கும்பலாப் போனீங்கன்னா, "கிராட்டுவிட்டி"ன்னு ஒரு வரி ஏற்கெனவே பில்லுல சேர்ந்திருக்கான்னு பாருங்க. அதைப் பார்க்காம ரெண்டு தடவை டிப் குடுத்துட்டு வர்றவங்க நிறைய பேர்.

கவுன்ட்டர்ல வாங்கி நாமளே தட்டைத் தூக்கிட்டுப் போற கடையில கதையே வேற. அங்கயும் டேப்லெட்டைத் திருப்பி 18, 20, 25னு காட்டும். ஃபாஸ்ட் ஃபுட் செயின்கள்ல டிப்பைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்க நியூயார்க் சட்டம் விடாது. அதனால "நோ டிப்"பை அமுக்குறதுல கூச்சப்பட ஒண்ணுமில்ல. பர்கர் 9, ஃப்ரைஸ் 5னு வெச்சா 14 டாலர். வரியோட 15 டாலர் 24 சென்ட். குடிக்கக் குழாய்த் தண்ணி கேளுங்க. அந்த ஊர்த் தண்ணி மலைப் பக்கத்து நீர்த்தேக்கங்கள்ல இருந்து வருது, நல்லாவே இருக்கும். 20-ல கிட்டத்தட்ட 5 டாலர் மிச்சம்.

பணம் சரி. அடுத்தது நேரம். இதைத்தான் யாரும் விலையில சேர்க்கிறதே இல்ல.

பர்கர்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு பப்புல கிடைக்கிற தடி பர்கர். உள்ள வேகணும், வெளிய கருகக்கூடாது, அதனால பத்து நிமிஷத்துக்கு மேல கூட ஆகும். இன்னொண்ணு, சூடான இரும்புக் கல்லுல கறி உருண்டையை அமுக்கித் தட்டையாக்குற பர்கர். ரெண்டு மூணு நிமிஷத்துல ரெடி. ஊத்தப்பத்துக்கும் ரோஸ்டுக்கும் என்ன வித்தியாசமோ அதேதான். மெல்லிசா இருந்தா கல்லைத் தொடுற பரப்பு அதிகம்; ஓரமெல்லாம் சீக்கிரம் முறுகும், ருசியும் அந்த முறுகல்லதான். கான்சர்ட் நாள்ல தடி பர்கர் பக்கம் போகாதீங்க. ருசியில குறை ஒண்ணும் இல்ல. சமையலறையில உங்களுக்கு முன்னாடி முப்பது பர்கர் வரிசையில நிக்குது, அவ்வளவுதான்.

இங்க எனக்குப் பிடிச்ச ஒரு கதை. மேடிசன் ஸ்கொயர் கார்டன் மேடிசன் ஸ்கொயர்ல இல்ல, கவனிச்சிருக்கீங்களா? 1879-ல அந்தப் பேர் வெச்சப்போ கட்டடம் மேடிசன் அவென்யூவுல, 26-வது தெருவுல, மேடிசன் ஸ்கொயர் பூங்காவை ஒட்டி இருந்தது. 1890-ல அதே இடத்துல புதுசாக் கட்டினாங்க. 1925-ல எட்டாவது அவென்யூவுல 50-வது தெருப் பக்கம் போயிடுச்சு. இப்போ இருக்கிறது 1968-ல திறந்தது, நாலாவது கட்டடம். பேர் மட்டும் பூங்காவோடது.

அந்தப் பூங்காவுலதான் 2001-ல டேனி மேயரோட உணவகக் குழு ஒரு ஹாட் டாக் வண்டி போட்டாங்க, ஒரு கலைக் கண்காட்சிக்காக. அது 2004-ல நிரந்தரக் கடையாச்சு. அதுதான் ஷேக் ஷாக். கியூ எவ்வளவு நீளம்னு வீட்ல இருந்தே பார்க்க "ஷாக் கேம்"னு ஒரு வெப்கேமரா வெச்சாங்க. ஒரு பர்கர் கடைக்கு கியூவைக் காட்டவே கேமரான்னா, காத்திருக்கிறதும் விலையில ஒரு பங்குன்னு அவங்களுக்கே புரிஞ்சிருக்கு. அந்தக் கடை இன்னும் அங்கதான் இருக்கு. பூங்காவுல இருந்து இப்போதைய கார்டனுக்கு நடந்தா சுமார் 20 நிமிஷம். கார்டன் வாசல்ல மோதுற கூட்டத்துல இருந்து அந்த 20 நிமிஷம் உங்களைத் தள்ளி வைக்குது. ஆனா அது திறந்தவெளி. மழையோ ஜனவரிக் குளிரோ இருந்தா கூரை இருக்கிற வேற கிளையைத் தேடிக்கோங்க.

மாட்டுக்கறி சாப்பிடாதவங்க இதைக் கவனமாக் கேளுங்க. இந்தியாவுல மெக்டொனால்ட்ஸ் மாட்டுக்கறியே விக்கிறதில்ல, அதனால நமக்கு பர்கர்னா ஆலு டிக்கியோ சிக்கனோதான். அங்க சும்மா "பர்கர்", "சீஸ்பர்கர்"னு சொன்னா மாட்டுக்கறிதான் வரும். ஃப்ரைஸும் அப்படியே நம்பக்கூடாது. 1990-ல மெக்டொனால்ட்ஸ் மாட்டுக் கொழுப்பை விட்டுட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறினதும் ஃப்ரைஸ் சைவம்னு நிறைய பேர் நினைச்சுட்டாங்க. ஆனா அதுல மாட்டுக்கறிச் சாறு வெச்ச சுவையூட்டி இருந்தது. 2001-ல சியாட்டில் வக்கீல் ஹரீஷ் பார்தி வழக்குப் போட்டார். 2002-ல நிறுவனம் சைவ அமைப்புகள், இந்து அமைப்புகள் உள்பட பலருக்கு 1 கோடி டாலர் குடுக்க ஒத்துக்கிச்சு. அமெரிக்காவுல அந்த ஃப்ரைஸோட மூலப்பொருள் பட்டியல்ல "பீஃப் ஃப்ளேவர்" இப்பவும் இருக்கு. பர்கர் கிங்ல இம்பாசிபிள் வாப்பர் தாவரக் கறிதான், ஆனா மாட்டுக்கறி வேகுற அதே பிராய்லர்லதான் சுடுவாங்க. வேற மாதிரி சமைச்சுக் குடுங்கன்னு கேட்டா குடுப்பாங்க, கேக்கணும். ஷேக் ஷாக்ல 'ஷ்ரூம் பர்கர்னு ஒண்ணு: பெரிய காளானுக்குள்ள சீஸ் வெச்சுப் பொரிச்சது. கடிக்கும்போது பார்த்துக் கடிங்க, உள்ள சீஸ் கொதிச்சுட்டு இருக்கும்.

உள்ள போய்ச் சாப்பிட்டுக்கலாம்னு நினைச்சா, அரங்கத்துக்குள்ள வேற கடைக்கு நீங்க நடந்து போக முடியாது. போட்டி இல்லாத இடத்துல விலை எப்படி இருக்கும்னு நம்ம மல்டிபிளெக்ஸ் பாப்கார்ன் வாங்கின யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

அதனால நேரத்தை இப்படி வெச்சுக்கோங்க. 8 மணி ஷோவுக்கு ஐந்தரைக்கே பர்கர் கியூவுல நில்லுங்க. ஆபீஸ் கூட்டம் அப்போதான் லிஃப்ட்ல இறங்கிட்டு இருக்கும். ஆறேகாலுக்குச் சாப்பிட்டு முடிச்சா, நிதானமா நடந்து ஏழு மணிக்கு வாசல்ல இருக்கலாம். பையில பெருசா எதையும் தூக்காதீங்க, செக்கிங்ல நேரம் போகும். மிச்சம் இருக்கிற அந்த 5 டாலரைத் தொடாதீங்க. பதினொரு மணிக்கு வெளிய வரும்போது திரும்பப் பசிக்கும். பென் ஸ்டேஷன்ல உங்க ரயிலுக்கு எந்தப் பிளாட்பாரம்னு போர்டுல கடைசிப் பத்து நிமிஷத்துலதான் போடுவாங்க. அதுவரைக்கும் கையில ஒரு ஸ்லைஸ் பீட்சாவோட அண்ணாந்து பார்த்துட்டு நிக்கலாம்.